வலது அடுக்கு எலிகள்

எலிக்காரம்மாவுக்குப் பயப்பட யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பினால் நாலு வீடு தாண்டியதும் திரும்பி வந்து பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்ப்பாள். கேஸ் அடுப்பை அணைத்தபின் குனிந்து மோந்து பார்ப்பாள். போன் இரண்டு தடவை அடித்து நின்றுவிட்டால் போதும், யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று ஒவ்வொருவருக்காகப் போன் போடுவாள். ஐம்பத்திரண்டு வயது வரை அவள் பயந்ததில் முக்கால்வாசி நடக்கவே இல்லை. அதனால் வீட்டில் யாரும் அவளுடைய பயத்தை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை. "அக்கா ஆரம்பிச்சிட்டா" என்பான் தம்பி, அத்தோடு சரி. உண்மையிலேயே பயப்பட வேண்டிய ஒரு விஷயம் வந்தபோது மட்டும் அவள் தாமதமாகத்தான் பயந்தாள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஆராய்ச்சிக் கூடத்தின் பின்கட்டடத்தில் ஜன்னலே இல்லாத ஒரு நீள அறை. அங்கே எலிகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. பத்தொன்பது வருஷமாக அதே அறை. காலை ஏழு மணிக்கு வந்து, தலைக்கு ஒரு உறை, காலுக்கு ஒரு உறை, முகத்துக்கு ஒரு துணி என்று தன்னை மூட்டை கட்டிக்கொண்டு உள்ளே போவாள். தண்ணீர்ப் புட்டிகளை மாற்றுவாள். ஈரமான மரத்தூளை அள்ளிக் கொட்டிப் புதிது பரப்புவாள். தீனியை நிறுத்துப் போடுவாள். கடைசியில் ஒவ்வொரு கூண்டின் முன்னாலும் தொங்கும் அட்டையில் ரோமம், நடை, கண், எச்சம் என்று நான்கு கட்டங்களிலும் 'சரி' குறி போட வேண்டும். அந்தக் குறிகளை யார் போடுகிறார்கள் என்று அந்தக் கட்டடத்தில் யாரும் யோசித்ததில்லை. எலிக்காரம்மா போட்டால் போட்டதுதான்.

அந்த வருஷம் அறையில் இரண்டு அடுக்குகள் இருந்தன. இரண்டிலும் கறுப்புச் சுண்டெலிகள், இரண்டுக்கும் ஒரே தீனி. தொட்டால் விரலில் வழவழவென்று ஒட்டும் கொழுப்புத் தீனி. இடது அடுக்கு எலிகளுக்கு அது மட்டும். வலது அடுக்கு எலிகளுக்கு அதிலேயே மருந்து கலந்திருக்கும். மூன்றே மாதத்தில் இடது அடுக்கு எலிகள் உருண்டு திரண்டு, நடக்கிறதா உருள்கிறதா என்று தெரியாத அளவுக்கு ஆகிவிட்டன. வலது அடுக்கு எலிகளோ அதே தீனியை வளைத்துக் கட்டித் தின்றுவிட்டு ஒல்லியாகத் திரிந்தன.

ஆராய்ச்சியை நடத்துகிறவர் ஒரு அம்மாள். எல்லோருக்கும் மேடம். சிடுசிடுப்பு கிடையாது, சிரிப்பும் கிடையாது. ஒருநாள் எடை பார்க்க வந்தவரிடம் எலிக்காரம்மா கேட்டேவிட்டாள்.

"ஒரே தீனிதான மேடம் போடுறேன்? இதுங்க தின்னது எல்லாம் எங்க போகுது?"

"எரிஞ்சு போகுதும்மா," என்றார் மேடம். "உடம்புக்குள்ள கொழுப்பைச் செய்யுற வேலைக்காரங்க மாதிரி சில பொருள் இருக்கு. நொதின்னு பேரு. அதுல ஒண்ணு, கெட்டிக் கொழுப்பை இளக்கிச் சேமிச்சு வைக்கிற பதத்துக்குக் கொண்டு வரும். இந்த மருந்து அதோட கையைக் கட்டிப் போட்டுடும். பதமாகலைன்னா சேமிக்க முடியாது. சேமிக்க முடியலைன்னா உடம்பு எரிச்சுத்தான் ஆகணும்."

எலிக்காரம்மா அன்றைக்குச் சாயங்காலமே இதை வீட்டில் போய்ச் சொன்னாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அவள் வீட்டில் நூற்றுப் பதினாறு கிலோவில் ஒரு தம்பி இருந்தான்.

தம்பி பஸ் டிரைவர். நாலு வயதில் அம்மாவை இழந்தவன். அப்போது அவளுக்குப் பதினைந்து. அவனைக் குளிப்பாட்டி, தலை வாரி, இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்து ஆளாக்கியது அவள்தான். தனக்கென்று ஒரு வாழ்க்கை அமைத்துக்கொள்ள நேரம் வரவில்லை என்பாள். வந்த நேரத்தையும் பயந்தே விரட்டினாள் என்பது என் கணிப்பு. இப்போது அவனுக்கு நாற்பத்தொன்று. ஸ்டியரிங் வயிற்றில் உரசி உரசிச் சட்டையின் நாலாவது பொத்தான் மாதம் ஒருமுறை தெறித்துவிடும். டிப்போவில் அவனுக்கு 'டபுள் டெக்கர்' என்று பெயர். அவனும் சேர்ந்து சிரிப்பான். ஆனால் அந்த வருஷத்து உடல் பரிசோதனையில் டிப்போ டாக்டர் சிரிக்கவில்லை. ஆறு மாதத்தில் இருபது கிலோ குறைக்காவிட்டால் வண்டியிலிருந்து இறக்கி ஆபீஸில் உட்கார வைத்துவிடுவோம் என்று எழுதியே கொடுத்துவிட்டார்.

"வண்டியில இருந்து எறக்கிட்டா நான் யாருக்கா? சும்மா ஒரு குண்டன். அவ்ளோதான்," என்றான் தம்பி. அவன் குரல் அப்படி இறங்கி அவள் கேட்டதில்லை.

எலிகளுக்கு நாலு மாதம் முடிந்தது. அட்டைகள் எல்லாம் சுத்தம். எதிர்ச்சாரியில் இருந்த ஆஸ்பத்திரியில் அதே மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்க்க இருபத்துநாலு பேரை எடுத்தார்கள். பன்னிரண்டு வாரம், தினமும் ஒரு மாத்திரை. எலிகளுக்கும் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். விண்ணப்பத் தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவள் எலிக்காரம்மாவே. தம்பி அதைப் படிக்கக்கூட இல்லை.

"எங்கக்கா கண்ணால பாத்தது. அப்புறம் என்ன படிக்கிறது?" என்று கையெழுத்துப் போட்டான்.

இங்கே ஒரு விஷயத்தை உடைத்துச் சொல்லிவிட வேண்டும். அவள் கண்ணால் பார்த்தது அத்தனையையும் சொல்லவில்லை.

இரண்டாவது மாதத்திலிருந்தே, காலையில் அவள் உள்ளே போகும்போது வலது அடுக்கு எலிகளின் கண்ணில் பீளை கட்டியிருக்கும். சிலதுக்கு இமையே ஒட்டிக்கொண்டிருக்கும். ரோமம் பளபளப்பில்லாமல் சொரசொரவென்றிருக்கும். அறையின் சூடு எப்போதும் ஒரே அளவுதான்; ஆனாலும் இடது அடுக்கு எலிகள் மல்லாந்து கிடக்க, வலது அடுக்கு எலிகள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நடுங்கிக்கொண்டிருக்கும். பல வருஷங்களுக்கு முன்னால் ஒருமுறை எலிகளுக்குக் கண் கெட்டபோது, மரத்தூளில் தூசி, சரியாகச் சலிக்கவில்லை என்று அவளுக்கு மெமோ கொடுத்திருந்தார்கள். கண் கெட்ட எலிகளைக் கழித்தும் விட்டார்கள். கழிப்பது என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியும். வாளியைத் தூக்கிக்கொண்டு போனவள் அவள்தானே.

அந்த மெமோ அவளுக்குள் முள்ளாக இருந்தது. ஆகவே அவள் ஒரு வேலை செய்தாள். வெந்நீரை ஆறவைத்துப் பஞ்சை நனைத்து, ஒவ்வொரு எலியாக உள்ளங்கையில் எடுத்து, பீளையைத் துடைத்து விட்டாள். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் பிள்ளைக்கு முகம் கழுவி விடுவது மாதிரி. நடுங்கியவற்றுக்குக் காகிதத்தைக் கிழித்துக் கூடுதலாகப் போட்டாள். பிறகு அட்டையில் 'கண்' கட்டத்தில் குறி போட்டாள். துடைத்த பிறகு சரியாகத்தானே இருக்கிறது? எடை பார்க்கும் நாளில் பத்து மணிக்கு மேடம் வரும்போது நாற்பது எலிகளும் கண்ணைத் திறந்துகொண்டு பார்க்கும். வாரம் ஒருமுறை வரும் கால்நடை மருத்துவரும் தலையாட்டிவிட்டுப் போவார். பதினாலாம் கூண்டில் ஒரு எலியின் கண் பால் விழுந்த மாதிரி வெளுத்தது. அதைத் துடைத்து மறைக்க முடியவில்லை. அட்டையில் 'சண்டைக் காயம்' என்று எழுதினாள். ஆண் எலிகள் சண்டை போடும்தான். ஆனால் அந்தக் கூண்டில் சண்டையை அவள் ஒருநாளும் பார்த்ததில்லை.

மாத்திரை ஆரம்பித்து மூன்றாவது வாரம் தம்பி உச்சி வெயிலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான்.

"என்னடா இது கோலம்?"

"குளுருதுக்கா. கொழுப்பு கரையுதுல்ல, அதான். நாலு கிலோ போயிடுச்சு தெரியுமா?"

தம்பி பெண்டாட்டி சிரித்தாள். எலிக்காரம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்த எலிகள் ஞாபகத்துக்கு வந்தன. சீ, என்ன நினைப்பு இது என்று தலையை உதறிக்கொண்டாள்.

ஐந்தாவது வாரம் அவன் முழங்கையிலும் புறங்கையிலும் தோல் செதிள் செதிளாக உரிந்தது. தலைமுடி துடைப்பம் மாதிரி ஆகிவிட்டது. "எண்ணெய் தேய்ச்சாலும் உறிஞ்சிடுது அண்ணி" என்றாள் அவன் மனைவி. அதற்குப் பிறகு எலிக்காரம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. அவன் டீ குடிக்கும்போது, பேப்பர் படிக்கும்போது, எதிரில் உட்கார்ந்து அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருப்பாள். முதலில் குளிர், அப்புறம் ரோமம், அப்புறம்... இந்த வரிசை அவளைத் தவிர உலகத்தில் யாருக்கும் தெரியாது.

ஏழாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை, உள்ளறையிலிருந்து தம்பி கூப்பிட்டான்.

"அக்கா, கொஞ்சம் வெந்நி கொண்டா. கண்ணு ஒட்டிக்கிச்சு, தெறக்க முடியல."

வெந்நீரும் பஞ்சும் எடுத்துக்கொண்டு போனாள். கட்டிலில் உட்கார்ந்து முகத்தை மேலே தூக்கிக் காட்டினான். அவள் இடது கையால் மோவாயைப் பிடித்து, வலது கையால் பஞ்சை உள்மூலையிலிருந்து வெளியே ஒரே இழுப்பாக இழுத்தாள். இழுத்த பிறகுதான் தன் கையைப் பார்த்தாள். காலையில் எலிகளுக்குச் செய்யும் அதே பிடி, அதே இழுப்பு. பஞ்சு கையிலிருந்து விழுந்தது.

"எத்தன நாளா இப்படி இருக்கு?"

"ஒரு வாரமா. மணலை அள்ளிப் போட்ட மாதிரி உறுத்துது. எதிர்ல வர்ற லைட்டு சிதறித் தெரியுது."

"ஆஸ்பத்திரில சொன்னியா?"

"சொன்னா நிறுத்திடுவாங்கக்கா! ஒன்பது கிலோ போயிருக்கு. இன்னும் அஞ்சே வாரம். போறதுக்கு முன்னாடி கடையில சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கிறேன். நர்ஸ் கண்ணைப் பாத்துட்டு நல்லாருக்குன்னு எழுதிக்கிறாங்க." பெருமையாகச் சொன்னான். "நீ எதையாவது உளறி வெச்சிடாத. உனக்குத்தான் எதுக்கெடுத்தாலும் பயம்."

துடைத்துவிட்டுக் காட்டுவது அவள் வளர்ப்பாயிற்றே.

அன்று பகல் முழுவதும் அந்த ஒல்லி எலிகள் என்ன பாடுபட்டன என்று யோசித்துப் பார்த்தாள். கொழுப்பை இளக்குகிற வேலைக்காரன் தொந்திக்கு மட்டுமா வேலை செய்கிறான்? தோலில் ஓடும் எண்ணெய்ப் பசையும், கண்ணீர் காயாமல் இமை விடும் எண்ணெயும் அவன் கைவேலைதானா? அவன் கையைக் கட்டினால் எல்லாமே வறண்டுவிடாதா? இதை அவளுக்கு யாரும் சொல்லவில்லை. நாலு மாதமாகப் பஞ்சில் ஒட்டிய பீளை சொல்லிக்கொண்டுதான் இருந்தது. அவள் அதைக் குப்பைக்கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

மேடத்திடம் போய்ச் சொல்லிவிட வேண்டும். ஆனால் சொன்னால்? வேலை போகும். நாலு மாதம் பொய்க் குறி போட்டவளைச் சும்மா விடுவார்களா? தம்பியின் மாத்திரை நிற்கும், பஸ்ஸும் போகும், அவன் ஆயுசுக்கும் முகம் கொடுத்துப் பேசமாட்டான். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். கோழைகள் கண்டுபிடிக்கிற வழி அது, அவள் மேல் எனக்குள்ள பாசத்தில் இதை மறைக்கப் போவதில்லை. இனிமேல் துடைக்காமல் விட்டுவிடுவது. பீளை கட்டட்டும். மேடம் தானே பார்த்துத் தானே புரிந்துகொள்ளட்டும். தன் பேர் வெளியே வராமல் மருந்து நின்றுவிடும்.

திங்கட்கிழமை பஞ்சைத் தொடவில்லை. எலிகள் கண் திறக்க முடியாமல் மூக்கால் தடவித் தடவித் தண்ணீர்க் குழாயைத் தேடின. முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று அழுதாள். செவ்வாய்க்கிழமையும் துடைக்கவில்லை. புதன்கிழமை பத்து மணிக்கு மேடம் எடை பார்க்க வந்தார். முதல் கூண்டைத் திறந்ததுமே அவர் முகம் மாறியது. பத்துக் கூண்டு பார்ப்பதற்குள் கால்நடை மருத்துவருக்குப் போன் போட்டார்.

"தொத்து வந்திருக்கு," என்றார் போனில். "ரெண்டு மூணு நாளைக்குள்ளதான். போன வாரம் வரைக்கும் அட்டையில எல்லாம் சரின்னு இருக்கு, நீங்களும் பாத்தீங்களே. மரத்தூள் மூட்டை ஏதோ கெட்டுப்போயிருக்கணும். இடது அடுக்குக்கு இன்னும் பரவல. ரெண்டையும் பிரிச்சு வெச்சு ஆன்டிபயாடிக் போட்டுடலாம்." கொஞ்சம் கேட்டுவிட்டு, "இல்ல இல்ல, மருந்தா இருந்தா இத்தனை மாசம் சும்மா இருந்திருக்குமா? ஆஸ்பத்திரில நிறுத்த வேண்டியதில்ல," என்றார்.

எலிக்காரம்மா போட்ட குறிகள் அவளுக்கு முன்னாலேயே நின்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன. நாலு மாதக் குறிகள். மூன்று நாள் பீளை அதற்கு முன்னால் எம்மாத்திரம்? இப்போது வாயைத் திறக்காவிட்டால் இருபத்துநாலு பேரும் நாளைக் காலை மாத்திரையைப் போடுவார்கள். அதில் ஒருவன் அதைப் போட்டுக்கொண்டு, ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு பஸ்ஸை எடுப்பான்.

"மேடம், தொத்து இல்ல."

மேடம் திரும்பிப் பார்த்தார்.

"ரெண்டாவது மாசத்துல இருந்தே இருக்கு. நாந்தான் தொடச்சேன். தெனமும் காலைல தொடச்சிட்டுத்தான் குறி போடுவேன். பதினாலாவது கூண்டுலயும் சண்டை இல்ல. தானாவே வெளுத்துச்சு."

மேடம் கத்தியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் பேயறைந்த மாதிரி கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எல்லாக் கூண்டுலயுமா?"

"வலது பக்கம் எல்லாத்துலயும். இடது பக்கம் ஒண்ணுலயும் இல்ல."

"ஏம்மா..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. "இப்ப எதுக்குச் சொல்ற?"

"எந்தம்பி அங்க மாத்திரை சாப்பிடுறான் மேடம். அவனும் தொடச்சிட்டுத்தான் வர்றான்."

மேடம் ஓடினார். அந்த வயதில், காலில் உறையோடு, வழுக்கும் தரையில் ஓடினார். பகல் பன்னிரண்டுக்குள் இருபத்துநாலு பேருக்கும் போன் போய்விட்டது: மாத்திரையைத் தொடாதீர்கள், நாளைக்கே கண் பரிசோதனைக்கு வாருங்கள். மறுபடி கேட்டபோது, கண் எரிச்சல் இருந்தது, சொல்லவில்லை என்று பதினோரு பேர் ஒப்புக்கொண்டார்களாம். உடம்பு இளைக்கிற சந்தோஷத்தில் ஒருவருக்கும் சொல்ல வாய் வரவில்லை. எலிக்காரம்மாவிடம் நடந்ததையெல்லாம் எழுதி வாங்கிக்கொண்டு, மறு உத்தரவு வரும் வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள்.

தம்பி அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"நீதான் சொன்னியா?"

"ஆமாடா."

"என்னை வண்டியை விட்டு எறக்கிட்டல்ல? சந்தோஷமா?"

அதற்கப்புறம் அவன் பேசவில்லை. மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது அவளும் செருப்பை மாட்டினாள். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. ஆட்டோவில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு போனார்கள்.

கண் டாக்டரின் அறை இருட்டாக இருந்தது. எதிர்ச்சுவரில் எழுத்துப் பலகைக்கு மட்டும் விளக்கு. தம்பியை நாற்காலியில் உட்கார வைத்தார். எலிக்காரம்மா கதவோரம் நின்றாள். முதலில் வலது கண்ணை மூடி இடது கண்ணால் படிக்கச் சொன்னார். தம்பி நிதானமாக, கொஞ்சம் தடுமாறி, ஆறாவது வரி வரைக்கும் படித்தான். பரவாயில்லை என்றார் டாக்டர். பிறகு இடது கண்ணை மூடினார். வலது கண்ணால் தம்பி மடமடவென்று படித்தான். முதல் வரி, இரண்டாவது, மூன்றாவது, மூச்சு விடாமல் ஆறாவது வரி வரைக்கும் ஒரு எழுத்துத் தப்பவில்லை.

"அட, இது இன்னும் நல்லாருக்கே," என்று டாக்டர் பேனாவை எடுத்தார். "இந்தக் கண்ணை வெச்சே வண்டி ஓட்டலாம் போலிருக்கு."

தம்பி சிரித்தான். நேற்றிலிருந்து முதல் சிரிப்பு.

அவன் ஒன்றாம் வகுப்பிலிருந்து எலிக்காரம்மாவிடம்தான் பாடம் ஒப்பித்தான். படிக்கும்போது அவன் திக்குவான், இழுப்பான், எழுத்தெழுத்தாக நிற்பான். மனப்பாடம் என்றால் மட்டும்தான் இப்படி மூச்சு விடாமல் ஓடும். டாக்டரின் பேனா தாளைத் தொட்டுவிட்டது. பேசாமல் இருந்தால் போதும். அவன் பஸ் அவனுக்குக் கிடைத்துவிடும், அவளிடமும் பேசுவான்.

"டாக்டர்," என்றாள். "பலகையை மாத்திட்டுப் படிக்கச் சொல்லுங்க."

தம்பியின் தோள் விறைத்தது. டாக்டர் அவளையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார். எழுந்துபோய்ப் பலகையைத் திருப்பி மாட்டினார்.

"படிங்க."

தம்பி வாயைத் திறந்தான். மூடினான். கழுத்தை முன்னால் நீட்டினான். முதல் வரியில் இருந்தது ஒரே ஒரு எழுத்து, கதவோரம் நின்ற அவளுக்கே கண்ணாடி இல்லாமல் தெரிந்த எழுத்து. நாற்காலியின் கைப்பிடியில் அவன் விரல்கள் இறுகுவதை அவள் பார்த்தாள்.

"அக்கா," என்றான். டாக்டரிடம் சொல்லவில்லை. "அக்கா, பலகை எங்கக்கா இருக்கு?"